இறங்காத கூண்டு

பாம்பனில் எங்கள் அப்பா வீடு இருந்த தெருவின் முனையில் நின்றால் துறைமுக அலுவலகத்துக் கம்பம் தெரியும். கடலில் புயல் சின்னம் உருவானால் அதில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ காற்றழுத்தம். எண் ஏற ஏற ஆபத்து கிட்டத்தில் வருகிறது என்று அர்த்தம். இரவில் கூண்டுக்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. சின்னப் பிள்ளையில் கூண்டு ஏறுவதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். அப்பா சொல்வார்: "ஏறுறதுக்குப் பயப்படாத தாயி. அது நம்மளக் காப்பாத்தத்தான் ஏறுது. இறங்காம அங்கயே தொங்கிக்கிட்டு இருந்தாத்தான் வீட்ல அரிசி இருக்காது."

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த பதற்ற வியாதியை டாக்டர் விளக்கியபோது எனக்கு அந்தக் கம்பம்தான் ஞாபகம் வந்தது. என்னைப் போல இந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் இதே கோளாறோடு, அது கோளாறு என்றே தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராமேசுவரத்தில் விசைப்படகு டிரைவர். நாங்கள் இருப்பது தங்கச்சிமடத்தில். நான் ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய் வருகிறவள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பரில், கடலுக்குப் போன அவருடைய படகு மறுநாள் காலை திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு ஏழு பேரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆறு மணி வாக்கில் தகவல் வந்தது. 38 நாள் கழித்து அவர் வந்தார். படகு வரவில்லை. ஆள் மெலிந்திருந்தார், அவ்வளவுதான். அடுத்த மாதமே வேறொரு முதலாளியின் படகில் ஏறிவிட்டார்.

அந்த 38 நாளும் நான் அழுது புலம்பவில்லை. மனு எழுதினேன், கலெக்டர் ஆபீசுக்கு மற்ற வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன், பிள்ளைகளை அரையாண்டுப் பரீட்சைக்கு அனுப்பினேன். வேலைக்கு ஒருநாள் லீவு போடவில்லை. தைரியமான பொம்பளை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆரம்பித்தது அவர் திரும்பி வந்த பிறகுதான்.

ராத்திரி மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் விழிப்பு வரும். யாரோ தோளைப் பிடித்து உலுக்கியது மாதிரி இருக்கும். நெஞ்சு காதுக்குள் அடிக்கும். கை தானாகப் போனைத் தேடும். படகு கடலில் இருக்கிற ராத்திரி என்றால் அதற்கு ஒரு காரணமாவது உண்டு. அவர் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விடுகிற ராத்திரியிலும் அதே நேரம், அதே உலுக்கல். பகலில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போன் அடித்தால் வயிறு சுருண்டுகொள்ளும். வாசலில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தால் அடுப்படியில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பிள்ளைகளிடம் சுள்ளென்று விழுவேன். சின்னச் சின்னது மறந்துபோகும். சாம்பிள் டியூப்பில் பெயர் எழுதினோமா இல்லையா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

தடைக்காலம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் அவர் வீட்டில் இருப்பார், நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். தடைக்காலமும் வந்தது. படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தார், வலை முடிந்தார், சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார். நான் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாதபோதும் உடம்பு பயந்துகொண்டிருந்தால் அதை யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அந்த மே மாதம் ஒரு நாலு வயதுப் பையனை அவன் அம்மா காய்ச்சலோடு தூக்கி வந்தாள். குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்தால் போதும், தோலுக்கு அடியில் நரம்பு மெல்லிய ரப்பர் நூல் மாதிரி உருளும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். அன்றைக்கு ரப்பர் பட்டையைக் கட்டினேன், விரலை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் விரல் நுனியில் என் நாடிதான் துடித்தது. குத்தினேன், வரவில்லை. இடம் மாற்றிக் குத்தினேன், அதுவும் வரவில்லை. பையன் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு, கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். பதினாறு வருஷத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

அதற்கு முன்பே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்திலேயே ஒரு மருந்துக் கடையில் தூக்கம் வரவில்லை என்று கேட்டேன். சீட்டு இல்லாமலே அல்பிரசோலம் மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் அமிர்தம் போல இருந்தது. மூன்றாவது வாரம் கால் மில்லிகிராம் போதவில்லை, அரை தேவைப்பட்டது. ஒருநாள் தீர்ந்துபோய் வாங்க மறந்துவிட்டேன். மறுநாள் வந்த நடுக்கம் மாதிரி அதற்கு முன் நான் பட்டதே இல்லை. அந்த வகை மாத்திரை மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் உட்கார்ந்து அந்தப் பொருளின் வேலையைக் கூட்டிக் காட்டுகிறது. தினம் கொடுத்தால் மூளை அதற்குப் பழகி, தன் பங்குக்குக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் சில நாளுக்கு எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாத மருந்தும் அதுதான். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, செய்த ஒரு நல்ல காரியமும் உண்டு. லேபில் இருப்பதால் முதலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றும் பார்த்தேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் ரொம்பக் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். நெஞ்சு படபடப்புக்கு ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம், தெரிந்துகொள்ளும் ஆசையில், காலை எட்டு மணிக்கு என் ரத்தத்தை எடுத்துக் கார்டிசால் பார்த்தேன். மன அழுத்தத்தின் ஹார்மோன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எகிறிக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்தேன். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறினாலும், காலை அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். எனக்கு 14. நல்ல நார்மல். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் இது எல்லாம் என் நடிப்பா என்று அழுதேன்.

ஜூன் முதல் வாரத்தில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பார்த்த டாக்டரம்மா என்னைவிட இளையவர். நான் லேப் டெக்னீசியன் என்றதும் அவருக்குச் சந்தோஷம். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் முதலில் ஓடுவது அட்ரினலின். அது நொடிக் கணக்கு. நெஞ்சுத் துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் அதன் வேலை. பின்னாலேயே வருவது கார்டிசால். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும். அது பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்த மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து கார்டிசால் வரும். ரத்தத்தில் அது உச்சத்துக்கு வர 20, 30 நிமிஷம் ஆகும்.

நான் லேபில் அளந்தது ரத்தத்தில் ஓடும் கார்டிசாலை. அது மூளையில் வேலை செய்ய வேண்டுமானால் செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி வேண்டும். ரிசெப்டர் என்பார்களே, அதுதான். கார்டிசாலுக்கு மூளையில் இரண்டு வகை ஏற்பி. எலிகளுக்குக் கார்டிசாலுக்குப் பதில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 1968-இல் அமெரிக்காவில் புரூஸ் மெக்யூவன் கண்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த ரூல், டி குளோயட் இருவரும் 1985-இல் அங்கே இருப்பது இரண்டு வகை என்று பிரித்துக் காட்டினார்கள். மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற முதல் வகை, மற்றதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு இறுக்கமாக ஹார்மோனைப் பிடிக்கும். அதனால் சாதாரண நாளிலேயே அது பெரும்பாலும் நிரம்பித்தான் கிடக்கும். இரண்டாவது, குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. ஹார்மோன் உயரும்போதுதான், அதாவது விடியற்காலையிலும் நெருக்கடி நேரத்திலும்தான், அது நிரம்பும்.

அந்த இரண்டாவது ஏற்பி நிரம்பியதும் செய்யும் முக்கியமான வேலை, ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் "போதும்" என்று சொல்வது. கார்டிசால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இதைக் கேட்டபோதுதான் கம்பத்தில் தொங்கும் கூண்டு என் கண்ணில் வந்து நின்றது. கூண்டை ஏற்றும் கயிறும் இறக்கும் கயிறும் ஒன்றுதான்.

இப்போது, ஆபத்து ஒருநாளோடு போகாமல் மாதக்கணக்கில் நின்றால்? ஹார்மோன் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், ஹிப்போகாம்பஸில் அந்த இரண்டாவது வகை ஏற்பிகள் குறைந்துபோவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கடற்கரையில் குடியிருப்பவருக்கு அலைச்சத்தம் காதில் விழாது. வெளியூர் விருந்தாளிக்குத்தான் முதல் ராத்திரி தூக்கம் போகும். அப்படித்தான் அந்த ஏற்பியும் பழகிப் பழகிக் கேட்காமல் போகிறது. "போதும்" என்று சொல்ல வேண்டியவரே செவிடாகிவிட்டால் கூண்டு எப்படி இறங்கும்? அதே சமயம் பயத்தின் இருப்பிடமான அமிக்டலாவில் நடப்பது நேர் எதிர். ஹைப்போதலாமஸில் சி.ஆர்.எச்.-ஐக் குறைக்கிற அதே ஹார்மோன், அமிக்டலாவில் அதைக் கூட்டுகிறது. சி.ஆர்.எச். அங்கே தன் ஏற்பிகளைப் போய்த் தொட்டால் பதற்றம் ஏறும். ஆக, நிறுத்தச் சொல்கிற குரல் ஒரு பக்கம் தேய, பயமுறுத்துகிற குரல் மறுபக்கம் வளர்கிறது.

என் தடைக்காலப் புதிருக்கு விடை பெங்களூரில் இருந்தது. அங்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தது. ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் அடர்ந்து வளர்ந்தன. இது 2002-இல் வெளிவந்தது. 2004-இல் அவர்கள் வெளியிட்டதுதான் என்னை உட்கார வைத்தது. அந்த எலிகளுக்கு 21 நாள் எந்தத் தொல்லையும் கொடுக்காமல் ஓய்வு கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அமிக்டலாவின் கிளைகள் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தன, எலிகளின் பதற்றமும் குறையவில்லை. எனக்கு 61 நாள் தடைக்காலம் போதாமல் போனது என் மனசு கோழை என்பதனால் இல்லை என்று அந்த ராத்திரிதான் நம்பினேன். எலிக்கு நடந்தது மனுஷிக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் "ஆபத்து போச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

"என் கார்டிசால் 14 தானே டாக்டர்?" என்று கேட்டேன். "நீங்க அளந்தது எவ்வளவு பேசுறாங்கன்னு. யாரு எப்படிக் கேக்குறாங்கன்னு ரத்தத்துல தெரியாதும்மா" என்றார். கார்டிசால் பரிசோதனை அட்ரீனல் சுரப்பி வியாதிகளைக் கண்டுபிடிக்க இருப்பது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பதற்ற நோய் வந்தவர்கள் பலருக்கு கார்டிசால் நார்மலாகவோ குறைவாகவோகூட இருக்கும். இப்போதெல்லாம் யாராவது "மன அழுத்தம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், கார்டிசால் எடுங்க" என்று காசோடு வந்தால், அவர்களை உட்கார வைத்து இதைச் சொல்லி டாக்டரிடம் அனுப்புகிறேன்.

இந்த ஏற்பி விஷயம் தெரிந்ததால் என் மாமியாரையும் காப்பாற்ற முடிந்தது. மாமிக்கு முழங்கால் வலி. எங்கேயோ ஒரு கடையில் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலி பறந்துபோனது. ஆனால் முகம் உப்பியது, தூக்கம் போனது, உட்கார இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். இத்தனை நாள் இல்லாத சர்க்கரை 240-க்குப் போனது. அந்தப் பொட்டலத்தில் ஒரு வெள்ளை மாத்திரை டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. கார்டிசால் போய் உட்கார வேண்டிய அதே குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் அதைவிடப் பல மடங்கு பலமாகப் போய் உட்காரும் மருந்து. ஆஸ்துமாவுக்கும் உயிர்போகிற அலர்ஜிக்கும் டாக்டர் கொடுக்கும்போது அது தெய்வம். பொட்டலத்தில் பெயர் தெரியாமல் வரும்போது ஆபத்து. "இந்த மாத்திரையை இனித் தொடாதீங்க மாமி" என்று நானே பிடுங்கி வீசியிருப்பேன். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் நம் அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். படிப்படியாகக் குறைத்து இரண்டரை மாதத்தில் நிறுத்தினோம். வீட்டில் வயதானவர்கள் திடீரென்று தூங்காமல் பரபரத்தால், அவர்கள் சாப்பிடும் மாத்திரைப் பொட்டலத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஊரில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் சாதி மதம் பார்க்காமல் ஏர்வாடி தர்காவுக்குப் போவது தலைமுறை வழக்கம். நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், ஓரியூருக்குப் போய்ப் புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டேன். மணலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுதது நல்லது செய்தது. சாமியிடம் போவதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கும்பிடுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் வேண்டுதல் பலிக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தது எஸ்சிடாலோபிராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை. ஐந்து மில்லிகிராமில் ஆரம்பித்துப் பத்து. முதல் பத்து நாள் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, பதற்றமும் கொஞ்சம் கூடியது. டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் விடாமல் சாப்பிட்டேன். இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், அதற்கு ஒரு விளக்கம் உண்டு: கார்டிசாலின் ஏற்பிகள் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றிவிடுகிறவை. அப்படி மாதக்கணக்கில் மாறிப்போனது ஒரு ராத்திரியில் திரும்பாது. இவ்வகை மருந்துகள் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் வேலையை மீட்டுக் கொடுப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அல்பிரசோலத்தை அதோடு சேர்த்து மெல்லக் குறைத்து ஆறு வாரத்தில் நிறுத்தினார்.

மாத்திரை பாதி வேலைதான் செய்தது. மீதியை நாங்களாகச் செய்தோம்.

மூன்று மணி விழிப்பைப் பற்றி டாக்டரம்மா சொன்ன ஒன்று எனக்குப் பெரிய உதவி. கார்டிசால் நள்ளிரவு வாக்கில் ரொம்பக் குறைவாக இருந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழித்த அரைமணி முக்கால்மணியில் உச்சத்துக்கு வரும். எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் மூன்று மணிக்கு வருகிற யோசனை எல்லாமே உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை, யாருக்கும் போன் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். விழித்தால் எழுந்துபோய் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். தூக்கம் வந்தால் போய்ப் படுப்பேன். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து கடற்கரையில் வெளிச்சம் வரும்வரை நடப்பேன். டீயை மத்தியானம் இரண்டு மணியோடு நிறுத்தினேன். குடித்த காபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீ ராத்திரி பத்து மணிக்கும் பாதி உள்ளே இருந்திருக்கிறது!

மூச்சுப் பயிற்சியை ஆலோசகர் சொல்லிக் கொடுத்தார், எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட வைத்தது சின்னப்பாலத்தில் இருக்கும் என் சித்தி. முப்பது வருஷமாக மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடல்பாசி எடுப்பவர். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணாடி, இடுப்பில் பை. நான் "மூச்சை இழுத்து இழுத்து நெஞ்சு இன்னும் படபடங்குது சித்தி" என்றேன். திண்ணையில் என்னை உட்கார வைத்து, தன் கையை என் விலாவில் வைத்துக்கொண்டார். "இழுக்குறத மறந்துரு. முங்கப் போறவ முதல்ல வெளியதான் விடுவா. உள்ள இருக்கிறது பூரா போகட்டும், நூல் விடுற மாதிரி. இழுக்குறது தன்னால வரும்." சித்தி விட்டது ரொம்ப நேரம் போனது, அவருடைய விலா உள்ளே போவது என் கண்ணுக்கே தெரிந்தது. நானும் விட்டேன். நாலைந்து தடவையில் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது அடங்கியது. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும் என்று பின்னால் படித்தேன். சித்திக்கு அந்த நரம்பின் பெயர் தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கை கொடுத்தது ஒரு நோட்டு. எங்கள் தெருவில் ஒன்பது வீட்டு ஆண்கள் விசைப்படகுக்குப் போகிறவர்கள். வாரத்துக்கு மூன்று நாள் படகு போகும். அந்த மூன்று ராத்திரியும் ஒன்பது பெண்களும் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு அரைத்தூக்கம்தான். வாட்சப் குரூப்பில் யாரோ ஒருவர் "அந்தப் பக்கம் லைட்டு தெரியுதாம்" என்று போட்டால் ஒன்பது வீட்டிலும் விளக்கு எரியும். ஆலோசகர் என்னிடம் கேட்டார்: "நீங்க முழிச்சிருக்கிறதால படகுக்கு என்ன நடக்குது?" கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, ஒரு ஆள் முழித்திருந்தால் போதும், ஒன்பது பேர் எதற்கு என்று தோன்றியது. மறுநாளே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். ஒரு நோட்டில் பெயர் எழுதி, எந்த ராத்திரி யார் என்று முறை வைத்தோம். முறைக்காரி மட்டும் போனை ஆன் செய்து வைத்திருப்பாள். கடலில் இருந்து வரும் தகவல் அவளுக்குத்தான் வரும். நிஜமாகவே ஏதாவது என்றால் அவள் நேரில் வந்து கதவைத் தட்டுவாள். மற்றவர்கள் போனை அணைத்துவிட வேண்டும். முதல் மாதம் யாரும் அணைக்கவில்லை, நான் உட்பட. இரண்டாவது மாதம் மூன்று பேர் அணைத்தோம். கதவு தட்டப்படாத ஒவ்வொரு ராத்திரியும், கூண்டை இறக்கலாம் என்று மூளைக்குக் கிடைக்கிற ஒரு சாட்சி. அப்படி எத்தனையோ ராத்திரி சேர்ந்த பிறகுதான் அது நம்ப ஆரம்பித்தது.

உங்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தூக்கம் கெட்டிருந்தால், வேலை செய்ய முடியாமல் கை நடுங்கினால், வாழ வேண்டாம் என்று ஒருமுறை தோன்றியிருந்தால்கூட, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாத ராத்திரியில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் வாங்கியதை மறைக்காதீர்கள். நான் முதல் நாள் அல்பிரசோலத்தை மறைத்தேன். இரண்டாவது தடவை போனபோதுதான் சொன்னேன். அதில் இரண்டு வாரம் வீணானது.

பதினான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி குறைத்து, போன வருஷம் நிறுத்தினேன். அதன் பிறகு ஒருமுறை, ஒரு புயல் சமயத்தில், பத்து நாள் பழைய விழிப்பு வந்தது. டாக்டரைப் போய்ப் பார்த்தேன், மாத்திரை தேவைப்படவில்லை, அதுவாக அடங்கியது.

இன்று புதன்கிழமை. படகு காலையிலேயே போய்விட்டது. நோட்டில் இன்றைக்கு எதிர்வீட்டு மதினி முறை. சாயங்காலம் சந்தித்தபோது "சார்ஜ் போட்டுட்டேன்" என்று போனைக் காட்டினாள். பத்து மணிக்கு நான் என் போனை அணைத்து அடுப்படி மாடத்தில் வைத்துவிடுவேன்.